நம்ம ரத்தம் நமக்கே

இதய ஆபரேஷனில் சிந்துகிற ரத்தத்தை உறிஞ்சி, கழுவி, அதே நோயாளிக்குத் திருப்பி ஏற்றுகிற மெஷின் பற்றிய வீடியோ ஒன்று வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறது. "புதுசா வந்திருக்காமே, உங்க ஆஸ்பத்திரியில இருக்கா?" என்று கேட்டு எனக்கும் வந்து சேர்ந்தது. தியேட்டரில் ஹார்ட் லங் மெஷினை ஓட்டுவது என் வேலை. பெர்ஃப்யூஷனிஸ்ட் என்பார்கள். சர்ஜன் இதயத்தை நிறுத்திவிட்டு வேலை பார்க்கும் நேரம் முழுக்க, நோயாளியின் ரத்தம் என் கண் முன்னால் குழாய்களில் ஓடிக்கொண்டிருக்கும். அதனால் இதைப் பற்றி ஒரு நாள் ஆற அமர எழுத வேண்டும் என்று ஆசை இருந்தது.

மெஷின் இருக்கிறது. புதுசு இல்லை. அதன் பின்னால் இருக்கும் யோசனையோ ரத்த வகைகள் கண்டுபிடிக்கப்படுவதற்கும் முந்தையது.

கார்ல் லாண்ட்ஸ்டைனர் ஏ, பி, ஓ வகைகளைக் கண்டு சொன்னது 1901-இல். அதற்குப் பதினைந்து வருஷம் முன்பே எடின்பரோவில் ஜான் டங்கன் என்ற சர்ஜன் ஒரு காரியம் செய்தார். காலை வெட்டி எடுக்க வேண்டிய நோயாளிகளின் ஆபரேஷனில், வடிந்த ரத்தத்தைப் பாத்திரத்தில் பிடித்து, உறையாமல் இருக்க சோடியம் பாஸ்பேட் கரைசலைக் கலந்து, அதே ஆளின் நரம்பில் திருப்பிச் செலுத்தினார். 1886-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் அதை எழுதவும் செய்தார். அவருக்கும் முன்னோடி லண்டனில் ஜேம்ஸ் பிளண்டல். பிரசவத்தில் ரத்தம் போய்த் தாய்மார்கள் கண்ணெதிரே சாவதைப் பார்த்து மனம் பொறுக்காமல் 1818 வாக்கில் ரத்தம் ஏற்றும் முயற்சியில் இறங்கிய மகப்பேறு மருத்துவர் அவர். அடுத்தவர் ரத்தத்தை ஏற்றினால் ஒருவர் பிழைப்பார், ஒருவர் நடுங்கிச் சாவார், ஏன் என்று யாருக்கும் தெரியாது. அந்தக் காலத்தில் தன் ரத்தம் ஒன்றுதான் தனக்குச் சேரும் என்று நிச்சயமாகச் சொல்ல முடிந்தது. 1914-இல் ஜெர்மனியில் யோஹானஸ் தீஸ், கருக்குழாய் வெடித்து வயிற்றுக்குள் ரத்தம் கட்டி நின்ற பெண்களுக்கு அந்த ரத்தத்தையே அள்ளி வடிகட்டி ஏற்றினார்.

அப்புறம் இந்த யோசனை பரணில் ஏறிவிட்டது. சிட்ரேட் கலந்தால் ரத்தம் உறையாது என்று தெரிந்தது. 1937-இல் சிகாகோவின் குக் கவுண்டி ஆஸ்பத்திரியில் பெர்னார்ட் ஃபேன்டஸ் பிளட் பேங்க் என்ற ஏற்பாட்டைத் தொடங்கினார். பாட்டிலில் ரத்தம் தயாராகக் கிடைக்கிறபோது, வயிற்றுக்குள் கிடக்கும் ரத்தத்தை யார் அள்ளப் போகிறார்கள்?

பரணிலிருந்து இறக்கியது இதய ஆபரேஷன்தான். 1953 மே 6-ஆம் தேதி ஃபிலடெல்ஃபியாவில் ஜான் கிப்பன், பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தியின் இதயத்தில் இருந்த ஓட்டையை, 26 நிமிடம் ஹார்ட் லங் மெஷினில் ஓட்டி அடைத்தார். அந்தக் கால மெஷின்கள் பெரியவை. குழாய்களையும் ஆக்ஸிஜனேட்டரையும் காலியாக வைத்து ஓட்ட முடியாது, உள்ளே ஏதாவது திரவம் நிரம்பி இருக்க வேண்டும். பிரைம் என்கிறோம் அதை. அன்று பிரைமே அடுத்தவர் ரத்தம்தான். ஒரு ஆபரேஷனுக்குப் பல டோனர்கள் காலையிலேயே வந்து புது ரத்தம் கொடுத்தாக வேண்டும். இத்தனைக்கும் நோயாளி உடம்பில் கத்தி படுவதற்கு முன்பே இந்தச் செலவு.

ஹூஸ்டனில் டென்டன் கூலி இதை மாற்றியவர்களில் ஒருவர். ரத்தத்துக்குப் பதிலாக ஐந்து சதவீத டெக்ஸ்ட்ரோஸ் கரைசலை மெஷினில் நிரப்பினார். ரத்தம் கொஞ்சம் நீர்த்துப் போகும், போகட்டும், உடம்பு தாங்குகிறது என்று 1962-இல் எழுதினார். அடுத்தவர் ரத்தம் வேண்டவே வேண்டாம் என்று மத நம்பிக்கையால் மறுக்கும் யெகோவாவின் சாட்சிகள், வேறு இடங்களில் கைவிரித்த பிறகு அவரைத் தேடி வந்தார்கள். 1977-இல் அவரும் ஓட் என்ற சக மருத்துவரும் வெளியிட்ட அறிக்கையில் ரத்தமே ஏற்றாமல் செய்த 542 இதய, ரத்தக்குழாய் ஆபரேஷன்கள் இருக்கின்றன. ஒரு நாள் குழந்தை முதல் 89 வயது வரை. அதில் ரத்தம் போனதே நேரடிக் காரணமாக இறந்தவர்கள் மூன்று பேர்.

அந்த அறிக்கையைப் படிக்கும்போதெல்லாம் அந்த மூன்று பேரை நினைத்துக்கொள்வேன். ரத்தம் ஏற்றாமல் இருப்பது ஒரு சாதனை அல்ல. தேவைப்படும்போது ஏற்றத்தான் வேண்டும். ஆனால் மீதி ஐநூற்றுச் சொச்சம் பேர் காட்டித் தந்த பாடத்தை நாம் எல்லா நோயாளிக்கும் பயன்படுத்தாமல் இருக்கலாமா? அவர்களுக்கு எடுத்த அக்கறை மற்றவர்களுக்கும் கிடைக்க வேண்டாமா?

இனி என் இடத்துக்கு வருகிறேன்.

எழுபது கிலோ ஆண் ஒருவரின் உடம்பில் சுமார் 4.9 லிட்டர் ரத்தம் இருக்கும். அதில் சிவப்பணுக்களின் பங்கு, அதாவது ஹீமடோக்ரிட், 42 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். என் மெஷினில் 1.4 லிட்டர் உப்புக் கரைசல் நிரம்பியிருக்கிறது. இரண்டும் கலந்தால் ஹீமடோக்ரிட் 33 பக்கம் வந்து நிற்கும். கவலை இல்லை.

அடுத்த டேபிளில் 45 கிலோ பெண். சின்ன வயதில் வந்த வாதக் காய்ச்சலில் மைட்ரல் வால்வு சுருங்கிப்போய், மாற்ற வந்திருக்கிறாள். நம் ஊர் தியேட்டர்களில் நித்தம் பார்க்கிற நோயாளி. உடம்பில் மொத்தமே 2.9 லிட்டர் ரத்தம். ஹீமோகுளோபின் 10, ஹீமடோக்ரிட் 30. அதே மெஷின், அதே 1.4 லிட்டர். கலந்ததும் ஹீமடோக்ரிட் 20. ஹீமோகுளோபின் 7-க்கும் கீழே. ஒரு சொட்டு ரத்தம் சிந்தவில்லை, சர்ஜன் இன்னும் வால்வைத் தொடவே இல்லை, அதற்குள் பிளட் பேங்கில் இருந்து பை எடுத்து வரச் சொல்லும் நிலைமை.

இந்த இடத்தில் ஒரு எளிய வேலை இருக்கிறது. 1960-லேயே பானிகோ, நெப்டியூன் என்ற இருவர் எழுதியது, தொண்ணூறுகளில் மறுபடி புழக்கத்துக்கு வந்தது. குழாய்களை இதயத்தோடு இணைத்ததும் பம்பை உடனே ஓட்டாமல், நோயாளியின் ரத்த அழுத்தமே ரத்தத்தைக் குழாய்க்குள் பின்னோக்கித் தள்ள விடுவோம். ரத்தம் உள்ளே வர வர, முன்னால் இருந்த உப்புக் கரைசல் ஒரு காலிப் பைக்குள் போய்ச் சேரும். மயக்க மருந்து டாக்டர் பிரஷரைப் பார்த்துக்கொண்டே இருப்பார். நான் கிளாம்பை மெதுவாகத் திறந்து, மூடி, திறந்து... "பிரஷர் எறங்குது, நிறுத்துங்க" என்றால் நிறுத்த வேண்டும். நிதானமாகச் செய்தால் அரை லிட்டர் கரைசலை வெளியே எடுத்துவிடலாம். அந்தப் பெண்ணுக்கு இப்போது 1.4 லிட்டருக்குப் பதில் 0.9 லிட்டர்தான் கலக்கிறது. ஹீமடோக்ரிட் 20-இல் நிற்க வேண்டியது 23-இல் நிற்கும். ஹீமோகுளோபின் ஏழரை. தனியாக எந்தச் சாமானும் வாங்க வேண்டாம். சில நிமிடப் பொறுமை, அவ்வளவுதான்.

அந்த ஏழரை என்ற எண்ணுக்கு ஒரு கதை உண்டு. இதய நோயாளிக்கு ஹீமோகுளோபின் பத்துக்கு மேல் இருந்தே ஆக வேண்டும் என்று ரொம்ப காலம் நம்பினோம். 9.8 என்று ரிப்போர்ட் வந்தால் ஒரு பை தொங்கும். 2017-இல் வெளிவந்த டிரிக்ஸ் 3 என்ற பெரிய ஆய்வு, 5,243 இதய ஆபரேஷன் நோயாளிகளை இரண்டாகப் பிரித்தது. ஒரு பிரிவுக்கு 7.5-க்குக் கீழே போனால்தான் ரத்தம். இன்னொரு பிரிவுக்கு ஆபரேஷன் தியேட்டரிலும் ஐ.சி.யூ.விலும் 9.5-க்குக் கீழே வந்தாலே ரத்தம். பக்கவாதம், மாரடைப்பு, கிட்னி பழுது, மரணம், இவற்றைச் சேர்த்துப் பார்த்தால் முதல் பிரிவு எந்த வகையிலும் பின்தங்கவில்லை. ரத்தம் ஏற்றியது மட்டும் ஒரு பக்கம் 52 சதவீதம் பேருக்கு, மறுபக்கம் 73 சதவீதம் பேருக்கு. ஐந்தில் ஒருவருக்கு நாம் சும்மா ஏற்றிக்கொண்டிருந்திருக்கிறோம்.

சரி, மெஷினுக்கு வருவோம். வீடியோவில் வந்த அந்த மெஷின், செல் சேவர்.

தியேட்டரில் உறிஞ்சும் குழாய்கள் இரண்டு வகை ஓடும். ரத்தத்தை உறைய விடாத ஹெப்பாரின் நோயாளி உடம்பில் முழு அளவு இருக்கிற வரை, நெஞ்சுக்குள் தேங்குகிற ரத்தத்தை என் பம்பின் உறிஞ்சுகுழாய் நேராக மெஷினுக்குக் கொண்டுவந்துவிடும், அங்கிருந்து உடம்புக்குப் போய்விடும். ஆபரேஷன் முடிந்து ஹெப்பாரினை முறிக்கப் புரோட்டமின் கொடுக்க ஆரம்பித்ததும் இந்த வழியை மூடிவிட வேண்டும். இல்லாவிட்டால் புரோட்டமின் கலந்த ரத்தம் மெஷினுக்குள் வந்து மொத்தமும் உறைந்துவிடும். "புரோட்டமின் ஸ்டார்ட்" என்று மயக்க மருந்து டாக்டர் குரல் கொடுப்பார். கொஞ்ச நேரத்தில் "பம்ப் சக்கர் ஆஃப்" என்று நான் குரல் கொடுப்பேன். ஹெப்பாரின் போடுவதற்கு முன்னும், புரோட்டமின் போட்ட பின்னும் சிந்துகிற ரத்தம்தான் செல் சேவருக்கு உரியது.

அதன் உறிஞ்சுகுழாயில் இரண்டு வழி இருக்கும். ஒன்று ரத்தத்தை இழுக்கும். இன்னொன்று குழாயின் நுனியிலேயே ஹெப்பாரின் கலந்த சலைனைச் சொட்டுச் சொட்டாகச் சேர்க்கும். ஒரு லிட்டர் சலைனுக்கு 30,000 யூனிட் ஹெப்பாரின் என்பது வழக்கமான கணக்கு. ரத்தம் ஒரு டப்பாவில் சேர்ந்து, வடிகட்டி வழியாக இறங்கி, ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்துக்குப் போகும். கிண்ணம் நிமிடத்துக்கு 5,600 சுற்று சுற்றும். கனமான சிவப்பணுக்கள் சுவரோரம் ஒதுங்கும். பிளாஸ்மாவும், உடைந்த அணுக்களும், கொழுப்பும், ஹெப்பாரினும் மேல்வழியாக வெளியேறும். பிறகு ஒரு லிட்டர் அளவுக்குச் சலைன் விட்டுக் கழுவும்.

அந்த நேரத்தில் நான் பார்ப்பது மெஷினின் திரையை அல்ல, கழிவு போகிற குழாயை. முதலில் கறுஞ்சிவப்பாக வரும். பிறகு ரோஸ். அப்புறம் அரிசி களைந்த தண்ணீர் இரண்டாம் கழுவில் தெளிவது போல, குழாய்க்குப் பின்னால் வைத்த விரல் தெரிகிற அளவு தெளியும். அதற்குப் பிறகுதான் பைக்கு அனுப்ப மனம் வரும். மெஷினே தன் கணக்குப்படி முடித்துக்கொள்ளும் என்றாலும் கண்ணால் ஒரு தடவை பார்த்துவிடுவது எனக்குக் கற்றுக்கொடுத்தவரின் பழக்கம். என்னிடம் படிக்க வருகிற பிள்ளைகளிடமும் அதையேதான் சொல்கிறேன். பையில் வந்து சேர்வது அடர்த்தியான சிவப்பணுக்கள், ஹீமடோக்ரிட் 50-க்கு மேல். டப்பாவில் ஒரு லிட்டர் சேர்ந்திருந்தால் அதில் பாதிக்கு மேல் நெஞ்சுக்குள் கழுவ ஊற்றிய சலைனும் ஹெப்பாரின் நீரும்தான். கடைசியில் கையில் நிற்பது இருநூறு மில்லி சொச்சம்.

பையின் மேல் நோயாளி பெயரும் நேரமும் எழுதி, தியேட்டரிலேயே, சில மணி நேரத்துக்குள் ஏற்றிவிட வேண்டும். ஒரு கண்டிப்பான விதி உண்டு: இந்தப் பையை அமுக்குப் பட்டை சுற்றி வேகமாக ஏற்றக் கூடாது. பையில் காற்று இருக்கும்.

இந்த விதி எளிதில் கிடைத்ததல்ல. வியட்நாம் போரின்போது அமெரிக்க விமானப் படை சர்ஜன் ஜெரால்ட் கிளெபனாஃப், காயம்பட்ட சிப்பாய்களின் ரத்தத்தை உறிஞ்சித் திருப்பி ஏற்ற ஒரு கருவி அமைத்தார். பென்ட்லி கம்பெனி அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. கழுவுகிற வசதி அதில் இல்லை. பம்ப் வேகமாகத் தள்ளும். டப்பா காலியானதைக் கவனிக்காவிட்டால் காற்றையும் தள்ளும். நரம்பில் காற்றுப் புகுந்து நோயாளிகள் இறந்தார்கள், கருவி சந்தையிலிருந்து போய்விட்டது. அதன் பிறகு எழுபதுகளின் நடுவில் ஹீமோனெட்டிக்ஸ் கம்பெனி, சுழலும் கிண்ணத்தில் கழுவி எடுக்கும் செல் சேவரைக் கொண்டுவந்தது. இன்று நாங்கள் ஓட்டுவது எல்லாம் அதன் வழிவந்தவை.

இவ்வளவு சொன்னபிறகு இதையும் சொல்லியாக வேண்டும். செல் சேவர் ரத்தத்தைத் திருப்பித் தருவதில்லை, சிவப்பணுக்களை மட்டும் திருப்பித் தருகிறது. ரத்தம் உறையத் தேவையான பிளேட்லெட்டும், உறைபொருள் புரதங்களும் கழிவுப் பையில்தான் போகின்றன. லிட்டர் லிட்டராக ரத்தம் போகும் ஒரு நோயாளிக்கு இதை மட்டுமே நம்பி ஏற்றிக்கொண்டே போனால், ஹீமோகுளோபின் நன்றாக இருக்கும், ரத்தம் நிற்காது.

கனடாவின் ஒட்டாவாவில் ஒரு ஆய்வு நடந்தது. பம்ப் உறிஞ்சுகுழாயில் வரும் ரத்தத்தில் நெஞ்சுக்குழியின் கொழுப்புத் துளிகள் இருக்கும், அவை மூளைக்குப் போனால் நினைவாற்றல் பாதிக்கப்படலாம், எனவே அதையும் கழுவிவிட்டே கொடுத்தால் நல்லது என்று எண்ணினார்கள். கேட்கும்போது யாருக்கும் சரியென்றே படும். 266 நோயாளிகளில் சோதித்து 2007-இல் வெளியிட்ட முடிவு வேறு மாதிரி இருந்தது. மூளைக்குத் தனி நன்மை எதுவும் தெரியவில்லை. கழுவிக் கொடுத்தவர்களுக்கு ரத்தப்போக்கும், அடுத்தவர் ரத்தம் ஏற்றியதும் அதிகம். அதனால் எல்லா ரத்தத்தையும் கழுவுவதை நான் ஆதரிப்பதில்லை. எதைக் கழுவ வேண்டும், எதை அப்படியே திருப்ப வேண்டும் என்று அந்தந்த நேரத்தில் முடிவு செய்கிற கண் வேண்டும்.

2010-இல் காக்ரேன் அமைப்பு 75 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, எலும்பு ஆபரேஷன்களில் செல் சேவர் போன்ற முறைகள் அடுத்தவர் ரத்தம் தேவைப்படுவதைப் பாதிக்கு மேல் குறைத்தன. இதய ஆபரேஷனில் அந்தத் தேவை 23 சதவீதம் குறைந்தது. நல்ல பலன்தான், மந்திரம் இல்லை. செலவும் உண்டு. மெஷின் ஆஸ்பத்திரியுடையது என்றாலும் கிண்ணமும் குழாயும் அடங்கிய செட் ஒரு நோயாளிக்கு ஒன்று, பிரித்தால் பிரித்ததுதான். காப்பீட்டுத் திட்டத்தில் மொத்தப் பேக்கேஜ் தொகைக்குள் அடங்க வேண்டும் என்கிறபோது யாருடைய கையும் தயங்கும். அதற்கும் வழி உண்டு. உறிஞ்சுகுழாயையும் டப்பாவையும் மட்டும் முதலில் பிரித்துச் சேகரிப்பது. ரத்தம் போதுமான அளவு சேர்ந்தால் கிண்ணத்தைப் பிரிப்பது, சேராவிட்டால் விட்டுவிடுவது. முதல் முறை ஆபரேஷனில், நல்ல உடம்புக்காரருக்கு, பல நேரம் கிண்ணம் தேவைப்படுவதே இல்லை. ஏற்கெனவே ஒரு தடவை நெஞ்சு பிளந்தவர், மகாதமனி கிழிந்து அவசரமாக வந்தவர், இவர்களுக்கு யோசிக்காமல் முழு செட்டும் போட வேண்டும். இதய ஆபரேஷனில் செலவாகிற ரத்தத்தில் பெரும் பங்கு இப்படிப்பட்ட சிறுபான்மை நோயாளிகளுக்கே போகிறது என்பது எங்கள் துறையில் எல்லோரும் அறிந்தது.

பம்பை நிறுத்திய பிறகு என் மெஷினுக்குள்ளேயே ஒரு லிட்டர் அளவுக்கு நோயாளியின் ரத்தம் நிற்கும். அதைக் கீழே கொட்டும் பழக்கம் எங்காவது இருந்தால் அதைவிட வருத்தமான வீண் வேறு இல்லை. பின்னால் சலைனைத் தள்ளி, முன்னால் இருக்கும் ரத்தத்தை ஒரு பையில் பிடித்துவிடலாம். செல் சேவரில் கழுவலாம், அல்லது அப்படியே ஏற்றலாம். அப்படியே ஏற்றினால் அதில் பிளேட்லெட்டும் புரதமும் உண்டு, கூடவே ஹெப்பாரினும் உண்டு. "பம்ப் பிளட் போகுது, புரோட்டமின் கொஞ்சம் சேர்த்துக்கோங்க டாக்டர்" என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது.

நோயாளியின் அண்ணன் ஒருவர், தாராபுரம் பக்கம், ஐ.சி.யூ. வாசலில் என்னைப் பிடித்துக் கேட்டார். "ஏனுங்க தம்பி, எப்படியும் ஆபரேஷனுக்கு ஒரு மாசம் இருக்குதுங்களே. தங்கச்சி ரத்தத்தையே முன்னாடி எடுத்து வெச்சுக்க முடியாதுங்களா? யாரோ ஒருத்தர் ரத்தம்னா பயமா இருக்குதுங்க." நியாயமான கேள்வி. எய்ட்ஸ் பயம் உச்சத்தில் இருந்த எண்பதுகளின் கடைசியில் மேல்நாடுகளில் இதுதான் பெரிய நாகரிகமாக இருந்தது. ஆபரேஷனுக்கு முன் வாரா வாரம் வந்து தன் ரத்தத்தைத் தானே கொடுத்து வைப்பார்கள். நாளடைவில் கைவிட்டார்கள். ரத்தம் கொடுத்தவர் ஆபரேஷனுக்கு வரும்போது ரத்த சோகையோடு வந்தார். எடுத்து வைத்த பைகளில் பல பயன்படாமலே காலாவதியாயின. தங்கைக்கு ஏற்கெனவே ஹீமோகுளோபின் குறைவு என்கிறபோது அதிலிருந்து எடுத்து வைப்பது கையில் இருப்பதையும் குறைப்பதுதான் என்று சொன்னேன். "அப்ப வேண்டாமுங்க" என்றார் உடனே.

அதன் சுருக்க வடிவம் ஒன்று உண்டு. ஆபரேஷன் தொடங்கும்போதே, ஹெப்பாரின் போடுவதற்கு முன், ஒன்றிரண்டு பை ரத்தத்தை எடுத்துத் தியேட்டரிலேயே வைத்துவிட்டு, எல்லாம் முடிந்த பிறகு திருப்பி ஏற்றுவது. மெஷினில் அடிபடாத, பிளேட்லெட் நிறைந்த புது ரத்தம். மிகவும் அழகான யோசனை, நானும் விரும்பிச் செய்த வேலை. ஆனால் 2025-இல் நியூ இங்கிலாந்து ஜர்னலில் வந்த, இரண்டாயிரம் பேருக்கு மேல் சேர்த்த ஆய்வு, இப்படிச் செய்ததால் ரத்தம் ஏற்ற வேண்டி வந்தவர்களின் எண்ணிக்கை குறையவில்லை என்று காட்டியது. இனி எல்லோருக்கும் இதைச் செய்யச் சொல்லி வாதாட மாட்டேன்.

ரத்தம் கசிவதையே குறைக்கிற மருந்து டிரனெக்ஸாமிக் ஆசிட். அதைக் கண்டுபிடித்த ஜப்பான் விஞ்ஞானி உத்தாகோ ஒகமோட்டோ, கணவரோடு சேர்ந்து 1962-இல் வெளியிட்டார். பிரசவ ரத்தப்போக்கில் தாய்மார்கள் இறப்பதைத் தடுக்க வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. கைக்குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு ஆய்வகத்தில் நின்று வேலை பார்த்தவர். அவர் தாய்மார்களுக்காகத் தேடிய மருந்து இன்று கிட்டத்தட்ட எல்லா இதய ஆபரேஷனிலும் ஓடுகிறது. விலையும் குறைவு.

ஐ.சி.யூ.விலும் ரத்தம் போகிறது, யாரும் கவனிக்காமல். ஒவ்வொரு பிளட் கேஸ் டெஸ்டுக்கும் முதலில் வரும் சில மில்லியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பிறகு சாம்பிள் எடுக்கும் வழக்கம். ஒரு நாளில் பல தடவை. மூடிய சிரிஞ்ச் அமைப்பு இருந்தால் அந்த முதல் ரத்தத்தை மறுபடி உள்ளே தள்ளிவிடலாம். பெரியவர்களுக்கும் குழந்தைகள் டியூபிலேயே சாம்பிள் அனுப்பலாம். செல் சேவருக்குப் போஸ்டர் அடிக்கிறார்கள், சின்ன டியூபுக்கு யாரும் போஸ்டர் அடிப்பதில்லை. ஆனால் எனக்கு ஒன்று தெளிவாகப் புரிந்துவிட்டது. ரத்தத்தைக் காப்பாற்றுவது ஒரு மெஷின் இல்லை. நூறு மில்லி, ஐம்பது மில்லி, ஐந்து மில்லி என்று விடாமல் சேர்க்கும் ஒரு தியேட்டரின் பழக்கம். என் மெஷினின் குழாயை நாலு அங்குலம் குட்டையாக வெட்டிப் பிரைமைக் குறைப்பதும் அதில் சேரும்.

பச்சைக் குழந்தைகளிடம் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். மூன்று கிலோ குழந்தையின் உடம்பில் மொத்த ரத்தமே கால் லிட்டர். மெஷினின் பிரைம் அதைவிட அதிகமாக இருந்த காலம் உண்டு. அடுத்தவர் ரத்தம் இல்லாமல் முடியவே முடியாது. இப்போது பெர்லின் போன்ற இடங்களில் பிரைமை நூறு மில்லிப் பக்கம் கொண்டுவந்துவிட்டார்கள். பம்பை முடித்ததும் குழந்தையின் ரத்தத்தை வடிப்பானில் ஓட்டி அதிகப்படி நீரை மட்டும் பிழிந்தெடுக்கும் முறை, 1991 வாக்கில் லண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தது. அது ரத்தம் எதையும் வீணாக்குவதில்லை. நீர்த்துப்போன ரத்தம் நம் கண் முன்னாலேயே நிறம் கூடும்.

ஆனால் நான் மிக அதிகம் கவலைப்படுவது ஆபரேஷனுக்கு முந்தைய வாரங்களைப் பற்றி. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்த சோகை. தமிழ்நாட்டில் 53 சதவீதம். வால்வு ஆபரேஷனுக்கு வருகிற பெண்களும் இந்தக் கூட்டத்திலிருந்துதான் வருகிறார்கள். எடை குறைவு, ரத்தம் குறைவு, ஹீமோகுளோபினும் குறைவு. என் மெஷின் அவர்களுக்குத்தான் மிகப் பெரியது. ஆஞ்சியோ, எக்கோ, பல் டாக்டர் சர்டிபிகேட் எல்லாம் வாங்கிவிடுகிறோம். ஹீமோகுளோபின் 10 என்று ரிப்போர்ட்டில் இருந்தால், "நாலு யூனிட் ரிசர்வ் பண்ணிடுங்க" என்று எழுதிவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடுகிறோம். ஏன் 10 என்று கேட்பதில்லை. மாதவிடாயில் அதிகம் போகிறதா, குடல்புழுவா, வார்ஃபரினோ ஆஸ்பிரினோ சாப்பிட்டு வயிற்றில் கசிகிறதா, சாப்பாட்டில் இரும்புச்சத்தே இல்லையா? இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் டெஸ்ட் ஒன்று எழுதினால் பாதி விடை வந்துவிடும்.

நேரம் இல்லை என்பதும் முழு உண்மை அல்ல. ஜூரிக்கில் 505 நோயாளிகளை வைத்துச் செய்து 2019-இல் லான்செட்டில் வந்த ஆய்வில், ஆபரேஷனுக்கு முந்தைய நாள் இரும்புச்சத்து டிரிப், எரித்ரோபாய்டின், பி12, ஃபோலிக் ஆசிட் எல்லாம் சேர்த்துக் கொடுத்தார்கள். அந்த ஒரு நாள் மருந்துக்கே ரத்தம் ஏற்றும் தேவை குறைந்தது. நமக்கோ திட்டமிட்ட ஆபரேஷன்களில் தேதி கிடைக்கவே பல வாரம் ஆகிறது. காத்திருக்கும் அந்த வாரங்களில் கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இரும்புச்சத்து மருந்தை ஆரம்பிக்கலாம். மாத்திரை ஒத்துக்கொள்ளாவிட்டால் டிரிப் இருக்கிறது. மூச்சு முட்டி அவசரமாக வருபவர்களுக்கு இது பொருந்தாது. மற்ற எல்லோருக்கும் பொருந்தும்.

அதனால் வீட்டில் யாருக்காவது இதய ஆபரேஷன் என்று தேதி பேசுகிற அன்றைக்கே டாக்டரிடம் கேளுங்கள். செல் சேவர் இருக்கிறதா என்று கேட்பதில் தப்பில்லை. அதற்கு முன்னால், "ஹீமோகுளோபின் எவ்வளவு டாக்டர், அதை ஏத்தறதுக்கு இப்பவே என்ன பண்ணலாம்?" என்று கேளுங்கள். ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் மாதிரி மாத்திரைகளை எப்போது நிறுத்துவது, நிறுத்தலாமா கூடாதா என்பதையும் அவரே சொல்லட்டும், நீங்களாக நிறுத்தாதீர்கள். டோனர்களை ஏற்பாடு செய்யச் சொன்னால் தாராளமாகச் செய்யுங்கள். உங்களுக்குத் தேவைப்படாத பை, மகாதமனி கிழிந்து ராத்திரி வந்து சேர்கிறவருக்குப் போகும்.

அந்த 45 கிலோ பெண்ணின் கணக்கை மறுபடி போட்டுப் பார்க்கிறேன். ஒரு மாத இரும்புச்சத்தில் ஹீமோகுளோபின் 10-லிருந்து 12 ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். ஹீமடோக்ரிட் 36. மெஷினில் நான் பின்னோக்கி ரத்தத்தை விட்டு அரை லிட்டர் கரைசலை எடுத்துவிடுகிறேன். கலந்த பிறகு ஹீமடோக்ரிட் 27. ஹீமோகுளோபின் 9. பிளட் பேங்குக்குப் போன் போட வேண்டியதில்லை, சர்ஜன் வால்வை வெட்டத் தொடங்கலாம்.